அம்மாவின் இடது கன்னம்

என் பெரியப்பாவின் வாயை நான் எட்டு வருடம் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக உட்கார வைத்து, "நல்லாத் திறங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன். அக்கறையில் பார்த்தேன் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு என்னைத் தெரியாது என்று அர்த்தம். பழி வாங்கத்தான் பார்த்தேன். அப்பாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன், சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டியவர், அதெல்லாம் வாஸ்தவம்தான். அதற்காக அவர் என் அம்மாவைச் சொன்ன சொல்லை மறந்துவிட முடியுமா? நான் மறக்கவில்லை. அம்மா இறந்த வயதைத் தாண்டி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இன்னும் மறக்கவில்லை.

எங்களுக்குச் சோழவந்தான் பக்கம், வைகைக் கரையை ஒட்டிய ஒரு சின்ன ஊர். ஊர் பூராவும் வெற்றிலைக் கொடிக்கால். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மா பெரியப்பாவின் கொடிக்காலில் வெற்றிலை அடுக்கப் போனாள். ஆட்கள் ஏணி வைத்து ஏறி இலை கிள்ளிப் போடுவார்கள். அம்மா நிழலில் உட்கார்ந்து அழுகலையும் ஓட்டையையும் கழித்துவிட்டு, கட்டுக் கட்டாக அடுக்குவாள். அவள் வாயில் எப்போதும் புகையிலை இருக்கும். மென்று துப்புகிற ஆள் இல்லை அவள். ஒரு துண்டுப் புகையிலையை இடது கன்னத்துக்குள் ஒதுக்கி அடக்கிக்கொள்வாள். பேசும்போதும் தண்ணீர் இறைக்கும்போதும், ஏன், தூங்கும்போதுகூட அது அங்கேயே கிடக்கும். பன்னிரண்டு வயதில் ஆரம்பித்த பழக்கம். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கன்னம் இப்படித்தான் புடைத்திருக்கும். பெரியப்பாவுக்கும் அப்படித்தான். தூரத்தில் நடந்து வரும்போதே, கன்னத்தைப் பார்த்து ஆள் யார் என்று சொல்லிவிடலாம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். இலை கிள்ளுகிற ஆள் ஒருவர், பெயர் வேண்டாம், நான் கூப்பிட்டபடி அண்ணன் என்றே சொல்கிறேன், வெயில் தாங்காமல் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். சொந்தமாகக் கையகல நிலம் இல்லாத குடும்பம். கன்னத்தில் மட்டும் ஊரைப் போலவே அவருக்கும் புகையிலை. அவரைப் போன்றவர்களுக்குக் கொடிக்காலில் தனிப் பானை. அன்றைக்கு அது காலியாக இருந்ததால் பெரியப்பாவின் பானையில் ஒரு செம்பு மொண்டு குடித்துவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். பெரியப்பா கையில் கிடைத்த மூங்கில் கழியை எடுத்து ஓங்கி அடித்தார். தடுத்த வலது கையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் அவரால் ஏணியைப் பிடித்து ஏறவும் முடியவில்லை, இலை கிள்ள விரலும் மடங்கவில்லை.

ஊர்க்கூட்டத்தில் பெரியப்பா, "ஏணியில இருந்து விழுந்தான்யா. நான் தொடக்கூட இல்ல" என்று சொல்லிவிட்டார். பார்த்த ஆள் அம்மா ஒருத்திதான். முந்தின நாளே சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து, "நீ பாக்கலைன்னு சொல்லிரு. குடும்ப மானம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா எழுந்து நின்றாள். கன்னத்தில் இருந்த புகையிலையை விரலால் எடுத்து எறிந்தாள். "இவரு அடிச்சாரு. நான் கண்ணால பாத்தேன்" என்றாள். அந்த ஐந்து வார்த்தையைச் சொல்வதற்காக வாயைக் காலி பண்ணிக்கொண்டாள்.

எங்கள் ஊரில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் அணைக்க வேண்டும். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது. பொய்ச் சத்தியம் செய்தவரைச் சாமி பார்த்துக்கொள்ளும். என்ன ஆகிறது என்று ஊர் காத்திருக்கும். பெரியப்பா அணைத்தார். அம்மா அணைத்தாள். அடிபட்ட அண்ணனையும் கூப்பிட்டு அணைக்கச் சொன்னார்கள். அவர் வாசலுக்கு வெளியே நின்று, வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் அணைத்தார். அன்றிலிருந்து ஊர் மூன்று பேரையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. யாருக்காவது இருமல் வந்தாலும் பேச்சுதான்.

எட்டு மாதம் கழித்து அம்மாவின் இடது கன்னத்துக்குள் புண் வந்தது.

நான் அப்போது மதுரையில் பரிசோதனைக்கூட வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விளாங்குடியில் ஒரு உறவுக்காரர் வீட்டில் இருந்து பஸ்ஸில் போய் வருவேன். ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மா கஞ்சியை வலது பக்கமாகச் சாய்த்துக் குடிப்பதைப் பார்த்தேன். "காட்டும்மா" என்றால் காட்டவில்லை. வற்புறுத்தித் திறக்க வைத்தேன். உள்ளே ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓரம் தடித்து நின்றது புண். எத்தனை மாதமாக இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? அவள் சத்தியம் செய்த ஆள் அல்லவா, புண் என்று எப்படி வெளியில் சொல்வாள்?

ஆனால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பெரியப்பா டீக்கடையில் உட்கார்ந்து சொன்னாராம்: "பொய்ச் சத்தியம் பண்ணுன வாயி புழுக்குது பாத்தீங்களா? நாப்பது வருசமாப் பொகையில போடுறா, ஒரு கொப்புளம் கூட வந்ததில்ல. கற்பூரத்தை அணைச்ச எட்டாவது மாசம் புண்ணு வருது. இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?"

சாட்சியாம்! கேட்டவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்களாம். ஆட்டாமல் என்ன செய்வார்கள்? கணக்குச் சரியாகத்தானே இருந்தது. நாற்பது வருடம் ஒன்றும் ஆகவில்லை, எட்டு மாதத்தில் ஆகிவிட்டது. எனக்கே அதற்குப் பதில் தெரியவில்லை. அதுதான் என்னை அறுத்தது.

மதுரைக்கு அழைத்து வந்து கரண்டு வைத்தோம். கதிர்வீச்சு வைத்தியத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. கன்னம் கருகியது, புண் கேட்கவில்லை. கடைசி மாதங்களில் அம்மா பேசுவதை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் என் கையைப் பிடித்து, "ஏத்தா, ஒருவேளை நான் சரியாப் பாக்கலையோ? அவன் விழுந்துதான் கை ஒடிஞ்சுச்சோ?" என்று கேட்டாள். அடப் பாவிகளா! கண்ணால் பார்த்ததையே ஒருத்தி சந்தேகப்படும்படி செய்துவிட்டார்களே. "நீ பாத்தது நெசம்மா" என்று சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. வலியைவிட அந்தச் சந்தேகம்தான் அவளைக் கொன்றது என்று நான் இன்றும் சொல்வேன். டாக்டர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

அவள் இறந்த அன்று வாய்க்கரிசி போடும் நேரம். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் வாயில் அரிசி போட்டார்கள். பெரியப்பா முறை வந்தது. அரிசித் தட்டை நீட்டினார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோரும் கேட்கும்படி, "பொய் சொன்ன வாயில நான் அரிசி போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். பிணத்துக்கு முன்னால் நின்று சொன்னார். அந்த நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்ல? நான் அழுவதை நிறுத்திவிட்டேன். இந்தச் சொல்லை இவரைத் திரும்ப விழுங்க வைக்காமல் சாக மாட்டேன் என்று அந்த இடத்திலேயே மனதுக்குள் முடிந்துகொண்டேன்.

படிப்பு முடிந்து மதுரையில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்தேன். சதைத் துண்டைச் சோதிக்கிற இடம். ஆஸ்பத்திரிகளில் வெட்டி எடுக்கிற துண்டு மருந்துத் தண்ணீரில் மிதந்தபடி குப்பியில் வரும். அதை மெழுகில் புதைத்து, கட்டியாக்கி, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார், நான் டைப் அடிப்பேன். டாக்டர் சிடுமூஞ்சி. ஒரு வார்த்தைக்கு மேல் பேசினால் அவருக்கு அன்றைய பொழுது வீண்.

ஒரு நாள் துணிந்து கேட்டேவிட்டேன். "சார், பன்னெண்டு வயசுல இருந்து பொகையில போட்ட எங்கம்மாவுக்கு, நாப்பது வருசமா வராத புத்து எட்டு மாசத்துல எப்படி சார் வரும்?"

அவர் மைக்ராஸ்கோப்பில் இருந்து கண்ணை எடுக்காமலே, "எட்டு மாசத்துல வந்துச்சுன்னு யாரு சொன்னா? நாப்பது வருசமா வந்துக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

நான் விடவில்லை. "அப்ப இருபது வயசுல ஏன் சார் வரல? அப்பவும் அதே பொகையில, அதே கன்னம்."

"அதே கன்னம் இல்லம்மா." அவர் இரண்டு ஸ்லைடுகளைத் தேடி எடுத்து வைத்தார். ஒன்று இருபது வயதுக்காரனின் கன்னச் சதை, ஏதோ விபத்தில் கிழிந்தபோது எடுத்தது. இன்னொன்று அறுபது வயதுக்காரருடையது. இரண்டுமே நோய் இல்லாத சதைதான். பார்த்தேன். இளசில் தோல் தடித்து, அடியில் இழைகள் நெருக்கிக் கட்டிய கீற்று மாதிரி இறுக்கமாக இருந்தன. கிழத்தில் மேல்தோல் மெலிந்து, அடி இழைகள் தளர்ந்து கலைந்து கிடந்தன.

அன்றைக்கு அவர் என்னிடம் பேசியது, அங்கே வேலை பார்த்த காலமெல்லாம் பேசியதைவிட அதிகம். கன்னத்துத் தோல் நாள் தவறாமல் உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. ஒவ்வொரு தடவை முளைக்கும்போதும் பழையதைப் பார்த்துப் புதியதை எழுதுகிற வேலை நடக்கிறது. எழுத்தில் பிழை விழும். புகையிலையும் சுண்ணாம்பும் கிடந்தால் பிழை கூடும். சின்ன வயதில் உடம்பு பிழையைத் திருத்திவிடும், திருந்தாத செல்லை அக்கம்பக்கத்துச் செல்கள் தலையெடுக்க விடாது. வயதாக ஆகப் பிழைகளும் சேர்ந்துபோகும், திருத்துகிற தெம்பும் குறையும், அடிச்சதையும் தளர்ந்து இடம் கொடுத்துவிடும். அப்போது கெட்டது ஒன்று கிளம்பினால் கேட்க ஆளில்லை. "உங்கம்மாவுக்குப் புண்ணு வந்தது அம்பத்திரண்டு வயசுல. ஆனா அது எப்பவோ தொடங்கியாச்சு. கண்ணுக்குத் தெரியறதுக்குப் பல வருசம் முன்னாடி" என்று முடித்துக்கொண்டார்.

கொடிக்காலில் வளர்ந்தவளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. புதுக் கொடிக்காலில் ஒரு கொடி அழுகினால் அந்தக் கொடியோடு போகும். நாலு வருடம் ஆன மண்ணில் அதே அழுகல் விழுந்தால் வரிசையே போய்விடும். அழுகல் ஒன்றுதான், மண்ணுக்குத்தான் வயசாகிவிட்டது. அதனால்தானே எங்கள் ஆட்கள் கொடிக்காலை அழித்து வேறு இடத்தில் போடுகிறார்கள்? அத்தனை தெரிந்த ஊருக்கு அம்மாவின் கன்னம் மட்டும் தெரியாமல் போய்விட்டது.

ஆக, கற்பூரம் அணைத்த அன்றைக்கே அம்மாவின் கன்னத்துக்குள் அது இருந்திருக்கிறது. உண்மையைச் சொல்வதற்காகப் புகையிலையை எடுத்து எறிந்தாளே, அப்போதும் இருந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே வயிறும் எரிந்தது. "அதே பொகையிலதான் எங்க பெரியப்பாவும் போடுறாரு சார். அவருக்கு அம்மாவைவிட எட்டு வயசு கூட. அவருக்கு ஏன் வரல?" என்று கேட்டேன்.

"தாழ்ப்பாள் தேஞ்ச வீட்டுக்கெல்லாம் திருடன் வரணும்னு இருக்கா?" என்றார் டாக்டர். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவே இல்லை.

வேலையில் சேர்ந்து மூன்று வருடம் இருக்கும். ஒரு நாள் காலை வெளிப் பெஞ்சில், கையில் குப்பியோடு பெரியப்பா உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் வெள்ளையாகத் திட்டுப் படர்ந்திருக்கிறது, பல் டாக்டர் ஒரு துண்டு வெட்டி அனுப்பியிருக்கிறார். தன் சதையைத் தானே சுமந்துகொண்டு வந்திருந்தார். நான் அங்கே வேலை பார்ப்பது அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது. "நீயா தாயி" என்றார். நான் கையை நீட்டிக் குப்பியை வாங்கிக்கொண்டேன்.

அந்தத் துண்டை நான் சீவியபோது என் மனதில் ஓடியதை மறைக்கப் போவதில்லை. வரட்டும் என்றுதான் வேண்டினேன். புற்றாக இருக்கட்டும், ஊர்ப் பொதுவில் நின்று, பொய்ச் சத்தியம் பண்ணுன வாயி புழுக்குது பாத்தீங்களா என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லலாம் என்று வேண்டினேன். இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது. அப்படிச் சொன்னால் அம்மாவையும் சேர்த்தல்லவா பொய்க்காரி ஆக்குகிறேன்? இவர் புண்ணுக்குச் சத்தியம் காரணம் என்றால் அவள் புண்ணுக்கும் அதுதானே காரணம்? என் வாயை நானே கட்டிப்போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. எப்படிக் கோபம் வந்தது தெரியுமா! பழி வாங்கக்கூட வழியில்லாமல் செய்துவிட்டதே இந்தப் படிப்பு.

டாக்டர் பார்த்துச் சொன்னார். புற்று இல்லை. வயதான சதை, புகையிலைத் திட்டு, இப்போதைக்குப் பயமில்லை. ஆனால் திட்டு எப்போது வேண்டுமானாலும் மாறலாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். நான்தான் டைப் அடித்து உறையில் போட்டேன்.

நாலாம் நாள் பெரியப்பா வந்தார். உறையை மேசையில் வைத்து அதன்மேல் என் கையை வைத்துக்கொண்டேன். செய்யக்கூடாத காரியம், வேலைக்குத் துரோகம். தெரிந்துதான் செய்தேன்.

"என்ன போட்டிருக்கு தாயி?"

நான் உறையிலிருந்து கையை எடுக்கவில்லை. அறுபத்து மூன்று வயது ஆள், கண்ணில் நீர் வழிய நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்தார். சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு அவனை அடிச்சது நான்தேன். கற்பூரத்தை அணைச்சதுல இருந்து எனக்கு உறக்கம் இல்ல. சாமிதேன் இப்ப வாயில வந்து நிக்குது. உங்கம்மா பொய் சொல்லல தாயி. என்னைய எப்படியாச்சும் காப்பாத்து."

"இதை ஊர்ல, அதே கோயில் வாசல்ல சொல்லுவீங்களா?"

"சொல்லுறேன்னா சொல்லுறேன்! ஆத்தா மேல ஆணையாச் சொல்லுறேன். என்ன போட்டிருக்குன்னு மட்டும் சொல்லு."

நான் உறையைப் பிரித்தேன். "புத்து இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணும்."

மனுஷன் எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். முகத்தைத் துண்டால் அழுந்தத் துடைத்தார். "அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு உறையை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஊருக்குப் போய் என்ன செய்தார் என்கிறீர்கள்? கோயிலில் நூற்றியொரு தேங்காய் உடைத்தார். நான் டைப் அடித்த தாளை விரித்து வைத்து, "என் வாயி சுத்தம்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. எழுத்தப் பாருங்கய்யா, இங்கிலீசு" என்று காட்டினார். பார்த்தவர்களுக்கு இங்கிலீஷும் தெரியாது, சதையும் தெரியாது. அம்மாவின் வாய் அழுகியது, இவர் வாய் அழுகவில்லை. ஊருக்குத் தீர்ப்பு முடிந்துபோனது. நான் அடித்த தாளே என் அம்மாவுக்கு எதிராகப் போய்ச் சாட்சி சொல்லிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் டீக்கடை முன்னால் நின்று கத்தினேன். "அடிச்சது நான்தான்னு என்கிட்ட அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரு" என்றேன். பெரியப்பா சிரித்துக்கொண்டே, "அப்படியா? கற்பூரத்தைக் கொண்டாங்கடா. பிள்ளை அணைக்கட்டும்" என்றார். யாரோ நிஜமாகவே கொண்டு வந்துவிட்டார்கள். நான் அணைக்கவில்லை. நாளைக்கு எனக்கு ஒரு பல் வலி வந்தால்கூட அதையும் இவர்கள் கணக்கில் சேர்ப்பார்கள். அந்தக் கற்பூரத்தை மதிக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஊர் என்ன பேசும்? "பயப்படுதுய்யா. அவ மகதானே" என்று பேசியது. பஸ்ஸில் திரும்பும்போது பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

அதற்குப் பிறகுதான் கார்டு போட ஆரம்பித்தேன். பதினைந்து காசு கார்டு, மூடாத கடுதாசி. தபால்காரர் படிப்பார், டீக்கடை படிக்கும். சிவப்பு மையில், பெரிய எழுத்தில் எழுதுவேன். "பெரியப்பா அவர்களுக்கு, உங்கள் வாயில் இருக்கும் திட்டைக் காட்ட வேண்டிய மாதம் வந்துவிட்டது. போன தடவை புற்று இல்லை என்பது போன தடவைக்கு மட்டும்தான். வயது ஏற ஏற ஆபத்து ஏறும். உடனே வரவும்." அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. டாக்டர் சொன்ன அறிவுரையை அப்படியே எழுதினேன். எழுதியது மட்டும் விஷத்தைத் தொட்டு.

அவர் வந்தார். கார்டு போன நாலாம் நாள் அலறியடித்துக்கொண்டு வருவார். பல் டாக்டரிடம் காட்டிவிட்டு என்னிடம் வருவார். நான் டார்ச்சை எடுப்பேன். வேண்டுமென்றே மெதுவாகப் பார்ப்பேன். "ம்ம்" என்று இழுப்பேன். "போன தடவைக்கு இப்ப கன்னம் இன்னும் மெலிஞ்சிருக்கே" என்பேன். "வயசாகுதுல்ல பெரியப்பா. உள்ள எல்லாம் தளந்துபோகும். இளவட்டத்துல வராதது இப்பத்தான் வரும்." அவர் கண் இரண்டும் பிதுங்கும். வாய் திறந்திருப்பதால் பேசவும் முடியாது. நான் அனுபவித்துப் பார்த்தேன். வேறு எந்தச் சினிமாவுக்கும் நான் அத்தனை ஆசையாகப் போனதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பயத்தில் அவர் புகையிலையை விட்டுவிட்டார். இரண்டாம் வருடமே திட்டு சுருங்க ஆரம்பித்தது. நாலாம் வருடம் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது. எட்டாம் வருடம் வாய் குழந்தை வாய் மாதிரி இருந்தது. பாழாய்ப்போன என் பழி அவருக்கு மருந்தாகிவிட்டது. அம்மாவின் வாயை இப்படி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறக்க வைத்துப் பார்க்க ஒரு விரோதி அவளுக்கு வாய்க்கவில்லையே என்று ஒரு நாள் பரிசோதனைக்கூடத்துப் பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

எண்பதுகளின் கடைசியில் பெரியப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாராம். நல்ல சாவு என்று ஊரே சொன்னது. நான் போனேன். வாய்க்கரிசி நேரம் வந்தது. என் முன்னால் தட்டை நீட்டினார்கள். நான் ஒரு பிடி அரிசியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். இவள் போட மாட்டாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க" என்றேன். "எட்டு வருசமா நான் டார்ச் அடிச்சுப் பாத்த வாய் இது. ஒரு கொப்புளம் கிடையாது. ஆனா பொய்ச் சத்தியம் பண்ணுன வாய் இதுதான். அடிச்சது இவருதான்னு என்கிட்ட அழுதுகிட்டே சொன்னாரு. பொய் சொன்ன வாய் அழுகாது. வயசான வாயில பொகையிலையை அடக்குனாத்தான் அழுகும். எங்கம்மா வாய் அப்படித்தான் அழுகுச்சு. அது உண்மையைச் சொன்ன வாய்."

"சாவு வீட்டுல என்ன பிள்ள பேச்சு இது?" என்று ஒருவர் எகிறினார்.

"எங்கம்மா சாவு வீட்டுல இவரு பேசுனப்ப நீங்க எங்க போயிருந்தீங்க?" என்றேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, முந்தானையை வாயில் இருந்து எடுத்தாள். "அது சொல்றது நெசந்தான்" என்றாள். "எனக்கும் அப்பவே தெரியும்." எகிறிய ஆள் விலகி எனக்கு வழிவிட்டார்.

நான் அரிசியைப் போட்டேன். அம்மாவுக்கு அவர் போடாத அரிசியை, மூன்று தடவையும் நிறுத்தி நிதானமாகப் போட்டேன். மனது குளிர்ந்தது. குளிர்ந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பஸ்ஸுக்குத் தெருக்கோடி வரை நடந்து வந்தேன். வேப்பமரத்தடியில் அந்த அண்ணன் நின்றிருந்தார். வலது மணிக்கட்டு அதே கோணலில் தொங்கியது. அவருக்கு இப்போது ஐம்பத்தைந்து இருக்கும். உள்ளே நான் பேசியது அதற்குள் அவர் காதுக்கு வந்துவிட்டிருந்தது. சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நீ சொன்னது மெய்தானா தாயி? பொய்ச் சத்தியத்துக்கு வாயி அழுகாதா?"

"அழுகாதுண்ணே. சத்தியமா அழுகாது."

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, இடது கையால் கடைவாய் ஓரத்தை இழுத்துப் பிடித்து வாயைத் திறந்தார். டார்ச் தேவைப்படவில்லை. இடது கன்னத்தில், ஓரம் தடித்து, அம்மாவுக்கு இருந்த அதே இடத்தில், அதைவிடப் பெரிதாக இருந்தது. குப்பியும் வேண்டாம், மெழுகும் வேண்டாம், சீவவும் வேண்டாம்.

"எம்புட்டு நாளாண்ணே?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்."

"ஏண்ணே என்கிட்டக் காட்டல? மதுரையிலதான இருக்கேன்?"

அவர் வாயை மூடிக்கொண்டு, துண்டால் துடைத்தார். "நானுந்தான கற்பூரம் அணைச்சேன். எனக்கும் புண்ணுன்னு தெரிஞ்சா, நாங்க ரெண்டு பேரும் பண்ணுன சத்தியம் பொய்யின்னு முடிவே கட்டிருவாங்கள்ல. உங்கம்மா எனக்காகப் பேசுன மகராசி. அவுக பேரு இன்னும் கெட்டுரக் கூடாதுன்னுதேன் வாயை மூடிக்கிட்டுக் கிடந்தேன்."

மதுரை பஸ் வந்தது. அவர் கோணல் கையைப் பிடித்து ஏற்றி, ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். என் உள்ளங்கையில் அரிசி இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டு வருடம், வருடத்துக்கு இரண்டு கார்டு, சிவப்பு மையில் அந்த ஊருக்குப் போட்டிருக்கிறேன். இவருக்கு ஒன்றுகூடப் போடவில்லை.